சித்திக்குத் தெரியாமல் சிகாகோ

சிகாகோவுக்குப் போவதென்று நானும் என் தங்கை டிம்ப்னாவும் முடிவு செய்தபோது, முதலில் பேசியது விமானத்தைப் பற்றியோ ஓட்டலைப் பற்றியோ இல்லை. அட்ராக்டா சித்தியிடம் சொல்வதா வேண்டாமா என்பதைத்தான்.

"சொன்னேன்னு வை, அத்தோட முடிஞ்சுது," என்றாள் டிம்ப்னா. "ஏர்போர்ட்டுக்கே கார் வந்துடும். அப்புறம் நாலு நாளும் யார் வீட்டு சோபாலயாவது உக்காந்து டீ குடிச்சிட்டே இருக்கணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அயர்லாந்தில், எங்கள் மேயோ மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சிகாகோவில் சொந்தம் உண்டு. போய்வந்தவர்களில் ஒருத்தராவது அந்த ஊரைப் பார்த்திருக்கிறார்களா என்றால் இல்லை. சொந்தக்காரர்களின் சமையலறைகளையும், செத்துப்போன சொந்தக்காரர்களின் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, கால் வீங்கித் திரும்புவார்கள். சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, சின்ன வயதிலேயே கப்பலேறியவள். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். நகரத்தின் தெற்கே ஒரு செங்கல் வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் கையில் சிக்கினால் முதல் நாள் சித்தப்பாவின் கல்லறை, மறுநாள் பக்கத்து வீட்டு மேயோக்காரிகள், ஞாயிறு மதியம் வேகவைத்த ஹாமும் முட்டைக்கோஸும். தப்பவே முடியாது.

டிம்ப்னாவுக்கு ஐம்பது வயது ஆகிறது. மூன்று பிள்ளைகளையும், முதுகுவலிக்காரப் புருஷனையும், நாற்பது கறவை மாடுகளையும் கட்டி மேய்க்கிறவள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். ஆற்றில் படகு ஏறி அந்த உயர உயரக் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கவேண்டும். சாயங்காலம் யாரோ முன்பின் தெரியாத கறுப்பர் பியானோ வாசிக்க, கையில் கிளாஸுடன் உட்கார்ந்திருக்கவேண்டும். காலையில் யாருக்கும் முட்டை பொரிக்கக் கூடாது. இதற்கு மேல் அவளுக்கு ஆசை இல்லை. இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன அக்கா?

அதனால் மறைத்தோம். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு போட்டேன். ஃபேஸ்புக்கில் ஒரு படமும் போடக்கூடாது என்று டிம்ப்னா சட்டம் போட்டாள். தெற்குப் பக்கம் போகிற ரயிலில் தவறிக்கூட ஏறக்கூடாது என்றாள். ஐரிஷ் பார் கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிட வேண்டும்.

"கறுப்புக் கண்ணாடியும் விக்கும் வாங்கிக்கலாமா?" என்றேன்.

"சிரிக்காதக்கா. அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு மேயோ மூக்கு தூரத்துலயே தெரியும்."

சிரித்தேன்தான். ஆனாலும் வரைபடத்தை மேசையில் விரித்து ஓட்டல் தேடும்போதெல்லாம் என் கண் தெற்கே அந்த வீடு இருக்கிற மூலைக்கே போகும். உடனே எடுத்துவிடுவேன். எங்கள் வகுப்பிலேயே அமெரிக்க கவுன் போட்டுக் கோயிலில் முதல் நற்கருணை வாங்கியவள் நான் ஒருத்திதான். சித்தி அனுப்பியது. அந்தப் பார்சலைப் பிரித்தபோது வந்த சோப்பு வாசனை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அம்மா இறந்தது கொரோனா ஊரடங்குக் காலத்தில். விமானமே பறக்கவில்லை. கூடப்பிறந்தவளின் அடக்கப் பூசையைச் சித்தி தன் வீட்டில் உட்கார்ந்து, பூசையை இணையத்தில் காட்டும் எங்கள் தேவாலயக் கேமரா வழியாகத்தான் பார்த்தாள்.

"பெட்டி தெரிஞ்சுதுடி. நீ அழுதியா இல்லையான்னு தெரியல. முதுகைத்தான் காட்டினாங்க," என்றாள் அப்போது.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் எங்கள் கோயில் பூசையை அதே கேமராவில் பார்க்கிறாள். எங்கள் ஊர்ப் பூசை நேரம் அவளுக்கு விடியற்காலை. எழுந்து, தலை வாரி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாளாம். மத்தியானம் எனக்குப் போன் பண்ணி, பீடத்துப் பூ வாடியிருந்தது, யார் குண்டாகிவிட்டாள், யார் பிரசங்கத்தில் தூங்கினார் என்று எல்லாம் ஒப்பிப்பாள்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது என் வேலை. ஊருக்குப் போகிற ஞாயிறன்று வேறு ஆள் வேண்டுமே என்று ஃபாதர் கல்ஹேனிடம் போய்ச் சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். வாய்க்கு வந்த ஊரைச் சொல்லியிருக்கலாம். பாதிரியாரிடம் பொய் சொல்வதா என்று நாக்கு இழுத்துக்கொண்டது. சிகாகோ, தங்கைக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்புகளை வாசித்தார். கால்பந்துக் கிளப்புக்கான லாட்டரி, தேவாலயக் கூரை, எல்லாம் ஆயிற்று. பிறகு காகிதத்தை மடித்துவிட்டு என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"அடுத்த வாரம் நம்ம இமெல்டா வாசிக்க மாட்டாங்க. தங்கச்சி டிம்ப்னாவைக் கூட்டிக்கிட்டு சிகாகோ கிளம்பறாங்க. அம்பதாவது பொறந்தநாளாம்! நல்லபடியா போய்ட்டு வரட்டும்னு வேண்டிக்குவோம். இமெல்டா, கடையெல்லாம் காலி பண்ணிடாதீங்க, அந்த ஊர்க்காரங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

கோயிலே சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். நான் பாடகர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே மாட்டியிருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்திருக்கவே கூடாது. பார்த்ததில் என் முகம் முழுசாக அதில் விழுந்திருக்கும். 

வெளியே கார் நிறுத்துமிடத்தில் டிம்ப்னா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னை யாருக்கா உண்மை பேசச் சொன்னா?"

"ஃபாதர் கேட்டாருடி."

"கேட்டா? இங்க இருக்கிற கார்க்னு சொல்லு. யாத்திரை, லூர்துக்குன்னு சொல்லு, இன்னும் சந்தோஷப்பட்டிருப்பாரு!" பிறகு குரல் இறங்கியது. "ஒருவேளை இன்னிக்கு சித்தி தூங்கிப் போயிருப்பாங்க."

"நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு யாராவது தூங்குவாங்களா?"

 டிம்ப்னா காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

அன்று மத்தியானம் சித்தி கூப்பிடவில்லை. திங்களும் கூப்பிடவில்லை. நானே கூப்பிடலாம் என்று போனை எடுப்பேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைப்பேன். 'உங்களுக்கு இன்ப அதிர்ச்சி தரலாம்னு இருந்தோம்' என்று ஒரு பொய்யைத் தயார் செய்து கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். என் முகத்தை எனக்கே சகிக்கவில்லை. சிகாகோவில் ஒரு நாள் சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று டிம்ப்னா இறங்கி வந்தாள். முதலிலேயே சொல்லியிருந்தால் அது பாசம். இனிமேல் போனால் பிச்சை போடுவது மாதிரிதான் இருக்கும் என்றேன். 

புதன்கிழமை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இமெல்டா, நான்தான்டி. அந்தக் கோயில் மைக்கை மாத்தச் சொல்லு. போன வாரம் சத்தமே சரியில்ல."

"சொல்றேன் சித்தி."

"நீ வாசிச்சது மட்டும் கணீர்னு கேட்டுது. கடைசியில ஃபாதர் என்னமோ சொன்னாரு, நீங்க ரெண்டு பேரும் எங்கயோ போறீங்கன்னு. செஸ்டருன்னா சொன்னாரு?"

செஸ்டர் இங்கிலாந்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் கடைவீதி சுற்றிவரப் போகிற இடம். என் கையில் கிழங்கும் கத்தியும் அப்படியே நின்றன. இல்லை சித்தி, சிகாகோ என்று சொல்ல வேண்டியதுதான். டிம்ப்னாவின் படகு, பியானோ, முட்டை பொரிக்காத காலை, எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்தன. அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் கோழை.

"ஆமா சித்தி," என்றேன். "செஸ்டர்."

"அப்படியா." என்றாள். "நல்ல ஊருன்னு சொல்லுவாங்க. போய்ட்டு வாங்க. சின்னவளுக்கு அம்பதா! உங்கம்மா இருந்தா கேக் செஞ்சு அடியைக் கருக்கியிருப்பா."

இரண்டு பேரும் சிரித்தோம். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் சித்தி. "காதை மூடுற மாதிரி தொப்பி எடுத்துக்கோங்க. இந்த மாசத்துல ஏரிக்காத்து எலும்பு வரைக்கும் போகும். ஆத்துல படகு ஏறினா மேல்தட்டுல உக்காராதீங்க. அவளுக்குச் சின்ன வயசுலயே நெஞ்சுச் சளி."

செஸ்டரில் ஏது ஏரி? கடல் மாதிரி ஏரி இருப்பது சிகாகோவில், சித்தியின் ஊரில்.  கத்தி கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"சித்தி," என்றேன்.  "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துடறோம் சித்தி. ரெண்டு பேரும். கண்டிப்பா."

"செஸ்டர்லேர்ந்தா?" என்றாள்.

தொட்டியில் கிடந்த கத்தியைத் துழாவி எடுத்தேன்.

"வேண்டாம்டி கண்ணு, அவ்ளோ தூரம். சந்தோஷமா சுத்திப் பாத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். குரலில் கோபம் துளிக்கூட இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.