ஊளை நிற்கும் இடம்

டேப்பை நகர்த்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

எங்கள் ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பழைய கம்பளம், கூரையில் முட்டை அட்டை. உள்ளே நாலு பேர். என் அண்ணன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன். பேஸ் கிட்டார்காரனை நெட்டை என்போம். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இடி என்று பெயர். அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. நாலாவது ஆள் நான். மிக்சர் முன்னால் உட்கார்ந்து சத்தத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிகழ்ச்சி நன்றாக நடந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு மைக் கூவிவிட்டால் போதும், அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும்.

கூவுவது என்றால் உங்களுக்கே தெரியும். யாராவது பேச எழுந்து மைக்கைப் பிடித்ததும் ‘ஊய்ங்’ என்று கிளம்பும், எல்லோரும் காதைப் பொத்துவார்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, இப்படியே சுற்றிச் சுற்றிப் பெருகுகிற கூத்து அது. பதினோரு வருஷமாக அதை அடக்குவதுதான் என் பிழைப்பு. என் கூடப் பிறந்தவனுக்கோ அதை வளர்ப்பது பிழைப்பு. கிட்டாரிலும் அதே கதைதான். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நின்று ஒரு கம்பியைத் தட்டினால், ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அந்தக் கம்பியையே பிடித்து உலுக்கும். கம்பி அதிர்வதால் சத்தம், சத்தத்தால் மறுபடி அதிர்வு. தட்டிய கையை எடுத்துவிட்டாலும் நிற்காது. எங்களுக்குள் அதற்குப் பெயர் ஊளை.

ஊளையைக் கிளப்ப யாராலும் முடியும். அதைச் சொன்ன பேச்சுக் கேட்க வைப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். மற்ற ஐந்து கம்பிகளும் வாயைத் திறக்காமல் உள்ளங்கையால் அமுக்கி வைக்க வேண்டும். ஆம்ப்பிடம் ஓர் அடி நெருங்கினால் ஒரு சுரம், ஓர் அடி விலகினால் வேறு சுரம். உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் மெலியும், நேராக நின்றால் கொழுக்கும். கை மீறிப் போவதற்கு முன்னால் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். அண்ணன் இதில் மன்னன். எங்கள் நீளமான பாட்டு ஒன்றின் முடிவில் ஒரே சுரத்தை ஒன்றரை நிமிஷம் அசையாமல் நிறுத்துவான். எங்கே நின்றால் எந்தச் சுரம் என்பதற்குத் தரையில் டேப் ஒட்டி வைத்திருந்தான். கீழ்ச் சுரத்துக்கு நீலம், மேல் சுரத்துக்கு மஞ்சள்.

முதலில் அந்தப் பாட்டு நீலத்தில்தான் முடிந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் திடீரென்று தரையில் புதிதாக மஞ்சளை ஒட்டி அங்கே போய் நின்றான். மெல்லிய, உயரமான, ஊசி மாதிரி ஒரு சுரம். நாங்கள் மூன்று பேரும் அசந்துபோனோம். “எங்கேர்ந்துண்ணே பிடிச்சீங்க இதை?” என்று இடி கை தட்டினான். அண்ணன் சிரித்தான். நானும்தான் கை தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வீட்டில் வேறு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். “உங்க அண்ணன்கிட்ட பேசறதுக்கு சுவத்துக்கிட்ட பேசலாம். ஒண்ணையும் காதுல வாங்கறதில்ல.”

“அவன் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் அண்ணி,” என்றேன் நான், பெரிய நியாயஸ்தி மாதிரி. “இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவான். நீங்களும் ரெண்டு நாள் பேசாம இருந்து பாருங்க, தானா வழிக்கு வருவான்.”

எங்கள் குடும்பத்தில் இது ஒரு பேச்சு வழக்கு. அப்பா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார், சித்தப்பாவுக்குக் காதிலேயே ஏறாது. இத்தனை வருஷம் இந்தப் பேச்சைப் பேசிப் பேசி, ஒருத்தனுக்கு நிஜமாகவே காதில் ஏறவில்லை என்றால் அதையும் திமிர் என்றே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். அதுவும் காதை வைத்துச் சம்பாதிக்கிற நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாசிப்புக்கு நடுவே ஓய்வெடுத்தபோது ஆம்ப் மேல் இருந்த அவன் போன் அடித்தது. பறவை கீச்சிடுகிற மாதிரி ஒரு மணி. அவன் அதற்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. நாங்கள் அவனையே பார்ப்பதைக் கண்டு, ஏதோ நகைச்சுவை நடந்துவிட்டது என்று நினைத்து அவனும் சிரித்து வைத்தான். மேல் சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லையோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாராவாரம் ‘கூர்மை போதல, இன்னும் ஏத்து’ என்று என்னை நச்சரித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவான், நான் கத்துவேன், அவன் எழுந்து போவான். வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய நாள் குறித்திருந்தோம், அதனால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தப்பித்துவிடுவான் என்றும் தெரியும். அதனால் புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், மஞ்சள் டேப்பைப் பிய்த்து, ஒன்றரை அடி தள்ளி ஒட்டினேன். காது கேட்டால், கால் நிற்கிற இடத்தை நம்ப மாட்டான். சுரம் தப்பினால் அடுத்த நொடியே நகர்ந்து சரி செய்துகொள்வான். அதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் செய்தேன்.

பாட்டின் முடிவு வந்தது. அண்ணன் குனிந்து பார்த்து மஞ்சள் மேல் போய் நின்றான். கம்பியைத் தட்டினான். ஊளை கிளம்பியது. அது அந்தச் சுரமே இல்லை. அதற்கும் மேலே, தகரத்தை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. நெட்டை முகத்தைச் சுளித்தான். இடி குச்சியை நிறுத்திவிட்டான். அண்ணன் மட்டும் கண்ணை மூடி, விரலுக்கடியில் கம்பி துடிப்பதை வைத்து, அதை ஒன்றரை நிமிஷமும் பிடித்து நின்றான். அவன் புருவம் எதையோ தேடுகிற மாதிரி சுருங்கியிருந்தது. நான் மிக்சரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

“என்னாச்சுண்ணே இன்னிக்கு?” என்றான் இடி, முடிந்ததும். “பல்லு கூசிருச்சு.”

“என்ன?”

“சுரம் மாறிடுச்சுண்ணே. வேற எதுவோ வந்துச்சு.”

அண்ணன் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஆம்ப்பிலிருந்து மஞ்சள் டேப் வரை குதிகாலோடு கட்டை விரலை ஒட்டி ஒட்டி வைத்து, அடி அடியாக அளந்து நடந்தான். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

“யாரு நகத்தினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“உனக்குக் கேக்குதான்னு பாக்க.”

மற்றவர்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. அவன் கிட்டாரைக் கழற்றி ஆம்ப்பில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான். சாய்த்து வைத்த கிட்டார் தானாக ஊளையிட ஆரம்பித்தது. அறையே அதிர்ந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடிதான் ஓடிப்போய் அணைத்தான்.

அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். நான் போய் எதிரில் குந்தினேன். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“ஆறு மாசமா ரெண்டு காதுலயும் விசில்டி,” என்றான். “நிக்கவே மாட்டேங்குது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, படுத்தா இன்னும் ஜாஸ்தி. நீங்க எல்லாம் புதுசா ஒரு சுரம் கண்டுபிடிச்சேன்னு கை தட்டினீங்களே, நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்? அது என் காதுக்குள்ள கத்தற அதே சுரம். ஆம்ப்லேர்ந்தும் அதே சுரம் வந்தா உள்ள கத்தறது தெரியாது. அந்த ஒன்றரை நிமிஷம்தான் எனக்கு நிம்மதி. இன்னிக்கு அதுவும் வரல, காது இன்னும் போயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“வாசிச்சு முடிச்சப்புறம்?”

“முன்னைவிட ஜாஸ்தியா வரும்.”

“அதான் ஆம்ப்பை ஏத்திக்கிட்டே போனியா?”

தலையை ஆட்டினான். காதைக் கெடுக்கிற சத்தத்தையே காதுக்கு மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகித் திருகி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அவன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். ஆனால் வாய் அவனைத்தான் திட்டியது. முட்டாள், மடையா, பெண்டாட்டியிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று திட்டினேன். பாதி அவனுக்குக் கேட்டிருக்காது.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், அண்ணியும் நானும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். நெடுநேரம் அவன் கட்டை விரல் அசையவே இல்லை. அமுக்க வேண்டும் என்று அவன் காத்திருப்பது கண்ணாடி வழியாக எங்களுக்குத் தெரிந்தது.

டாக்டர் தாளைக் காட்டினார். இரண்டு கோடும் பாதிவரை நேராக வந்து, அப்புறம் படிக்கட்டில் தடுக்கி விழுந்த மாதிரி கீழே போயிருந்தன. “போனது போனதுதான், திரும்ப வராது,” என்றார். “இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். அதுக்கு நீங்க அந்தச் சத்தத்துப் பக்கமே போகக் கூடாது. ஒரு தடவைகூட.”

“விசில்?” என்றான் அண்ணன்.

“பழகிக்கணும். மழைச் சத்தம் மாதிரி மெல்லிசா ஏதாவது பக்கத்துல ஓட விடுங்க. மெதுமெதுவா மனசு அதை விட்டுரும். மாசக் கணக்கா ஆகலாம்.”

வெளியே வந்ததும் அண்ணி சுவரோரமாக ஒதுங்கி நின்று அழுதாள். “பதினாலு நாளா அவரோட பேசாம இருந்தேன். கோவத்துல. அவரு அதைக் கண்டுக்கவே இல்லையேன்னு இன்னும் கோவம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நான் பேசலைங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

அந்த யோசனையைக் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நல்லவள். நானாகவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைப் பதிவை ரத்து செய்தோம். “பாட்டு எங்கண்ணே ஓடிப்போயிரப் போகுது?” என்றான் இடி, அண்ணனின் முகத்துக்கு நேராகக் குனிந்து. நெட்டை அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். நான் ஆம்ப்பின் மின்சார ஒயரைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். யாரையும் நம்புகிற நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறையில் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தான். கண் இரண்டும் சிவந்து, சவரம் செய்யாமல், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். நேராகப் போய்க் கிட்டாரை மாட்டினான், கேபிளைச் செருகினான். ஆம்ப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“ஒயரைக் குடு.”

நான் தலையை ஆட்டினேன்.

“அஞ்சே நிமிஷம்டி. பாட்டு கீட்டு ஒண்ணும் வாசிக்கப் போறதில்ல. மூணு ராத்திரியா கண்ணு மூடல. மழைச் சத்தம் போட்டாச்சு, காத்தாடி போட்டாச்சு, உன் அண்ணி நெத்தியைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கா. அது பாட்டுக்குக் கத்துது. அஞ்சு நிமிஷம் அதோட வாயை மூட வெச்சிட்டுப் போயிடறேன். உன்னைத் தவிர யார்கிட்ட கேப்பேன்?”

சொல்லிவிட்டு, நான் தந்துவிடுவேன் என்ற நம்பிக்கையில், போய் ஆம்ப்பைப் பார்த்து நின்றுகொண்டான். இடது கையால் கம்பிகளை அமுக்கி, வலது கையைத் தயாராக வைத்து, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றான். சின்ன வயசில் நான் ஜுரத்தில் கிடந்தபோது விடியும்வரை என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த முதுகு அது. தந்தால் காது போகும். தராவிட்டால் அவன் இப்படியேதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“முடியாதுண்ணா,” என்றேன்.

அவன் அசையவில்லை.

“மாட்டேன்.”

அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவனுக்கு எப்படிக் கேட்கும்? முகத்தைப் பார்க்காமல் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள். எழுந்து போனேன். அவனுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் புகுந்து நின்றேன். கிட்டாரின் தலை என் தோளில் இடித்தது.

“தர மாட்டேன்ணா.”

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “கேக்கல,” என்றான். “சத்தமாச் சொல்லு.”

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். “தர மாட்டேன்! நீ என்ன கெஞ்சினாலும் தர மாட்டேன்!” கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்து கதவருகே நின்றார்.

அண்ணன் கம்பிகளிலிருந்து கையை எடுத்தான். மெதுவாகத் தோள்வாரைக் கழற்றினான்.

“வாயைப் பாத்தப்பவே தெரிஞ்சுது,” என்றான். “மாத்திச் சொல்லுவியோன்னுதான் இன்னொரு தடவை கேட்டேன்.”