கடிகாரத்துக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை

எங்கள் ஊரில் சொரோச்சே என்பது விமானத்தில் வந்து இறங்குகிற வியாதி. உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கும், தலை பிளக்கும், நெஞ்சு தடதடக்கும். ஆனால் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான். மலைமேல் இருக்கும் லா பாஸில் பிறந்தவனுக்கு அது வராது. வந்தால் வேறு பெயர் வைத்துவிடுவோம்: நேற்றுச் சாப்பிட்ட பன்றிக்கறி, மருமகள், அரசாங்கம்.

டாக்டர் எவரிஸ்தோ அரான்சிபியா லா பாஸில் பிறந்தவர். டாக்டர் என்றால் வைத்தியர் அல்ல. எங்களூரில் சட்டம் படித்தவன் எல்லாம் டாக்டர்தான், நான் உட்பட. ஒன்பது வருஷம் சான்டா க்ரூஸில், அந்த வெயில் கொளுத்தும் சமவெளியில், தொழில் பார்த்துவிட்டு ஒரு வியாழக்கிழமை விமானத்தில் திரும்பினார். சனிக்கிழமை காலை ஓட்ட மைதானத்தில், புதுச் சட்டையும் புதுக் கடிகாரமுமாக வந்து நின்றார்.

வக்கீல்கள் சங்கத்தின் தொடர் ஓட்டம் வருஷா வருஷம் ஜூலையில் நடக்கும். சான்டா க்ரூஸ் வக்கீல்களுக்கும் எங்களுக்கும் போட்டி. ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே, இம்முறை இங்கே. நால்வர் ஓட வேண்டும். முதல் மூவர் ஓடுகிறார்கள், நான்காமவர் புகைப்படத்தில் வருகிறார். ஊரை விட்டுப் போகும்வரை அந்தக் கடைசி ஓட்டம் அரான்சிபியாவுடையது. இப்போது தெல்மா கல்லிசாயாவுடையது. தெல்மா தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள், அவரைவிட இருபது வயது இளையவள், புகைப்படத்துக்குச் சிரிக்கக்கூட மாட்டாள். அரான்சிபியா திரும்பி வந்ததே அந்த இடத்துக்காகத்தான் என்று அவர் மனைவியே சொன்னாள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நெல்வா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எங்களையும் ஆறாம் வகுப்பாகவே நடத்துவாள்.

"டாக்டர், நீங்க வந்து முழுசா ரெண்டு நாள்கூட ஆகல. ரெண்டு வாரம் சும்மா நடங்க. அப்புறம் ஓடலாம்" என்றாள்.

"நெல்வா, நான் என்ன டூரிஸ்டா? இந்த மைதானத்துக்குப் பின்தெருவுலதான் பொறந்தேன். இந்தக் காத்துலதான் மொத மூச்சு விட்டேன்."

"மொத மூச்சு சரி. போன ஒன்பது வருஷ மூச்சை எங்கே விட்டீங்க?"

"அது ரத்தத்துல இருக்கு. மலைக்காரன் ரத்தம் மறக்காது."

ரத்தம் மறக்கும். கீழே போன சில வாரங்களிலேயே மறக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ரத்தத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. அவரே ஒரு நிபந்தனையும் போட்டார்: இன்றைய வேகச் சுற்றுகளைத் தெல்மாவோடு சமமாக முடித்தால் கடைசி ஓட்டம் தனக்கு. எட்டு சுற்று. ஒவ்வொன்றும் முழு வேகம், நடுவில் கொஞ்சம் நடை.

"எனக்கென்ன, ஓடுங்க" என்றாள் தெல்மா. "விழுந்தா மட்டும் ஓரமா விழுங்க டாக்டர். நான் பின்னாடி வந்துக்கிட்டிருப்பேன்."

நான் முழங்கால் வலி என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சாறு ததும்பக் கறி வைத்துச் சுட்ட சல்தேன்யா பொட்டலத்துக்குக் காவல் இருப்பதும் சங்கப் பணிதான்.

முதல் சுற்றில் அவர்தான் முன்னால் வந்தார். பெஞ்சைக் கடக்கும்போது என்னைப் பார்த்துக் கையாட்டினார். இரண்டாவதில் கையாட்டவில்லை. மூன்றாவது முடிந்து நடந்தபோது வாய் திறந்திருந்தது, தோள்கள் ஏறி இறங்கின. கடிகாரத்தைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார்.

"நாடி எவ்ளோ காட்டுது?" என்றாள் நெல்வா.

"நூத்தித் தொண்ணூத்தாறு. தப்பு. இது சான்டா க்ரூஸ்ல வாங்கினது. இந்த உயரம் அதுக்குப் பழக்கமில்ல."

"அப்ப கடிகாரத்தை உட்கார வெச்சிட்டு வாங்க."

கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை. யோசனை நல்லதென்று தோன்றியதோ என்னவோ, நிஜமாகவே கழற்றி என் மடியில் போட்டார். "குண்டா, இதைக் கொஞ்சம் வெச்சுக்கோ." நான் அதை என் கையில் கட்டிக்கொண்டேன். அது நிதானமாக எண்பத்திரண்டு காட்டியது.

நான்காவது சுற்றைப் பாதிவரை ஓடினார். வளைவில் வேகம் குறைந்து நடையானது, நடை நின்றது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். ஆகவில்லை. நின்ற பிறகும் மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது. உதடு கருநீலமாகியிருந்தது. "ஒண்ணுமில்ல, காலைல சாப்பிட்ட…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு அன்றுதான் பார்த்தேன்.

சங்கத்தார் எல்லோரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். "டாக்டர், என்ன ஆச்சு?" "டாக்டர், நீங்க பிடிங்க." "இல்ல டாக்டர், நீங்க பாருங்க." நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், இத்தனை டாக்டர்கள் இருக்கிறார்களே என்று நிம்மதியாகப் போய்விட்டார். நாடி எங்கே துடிக்கும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன.

"எதிர்ல ஹோட்டல்ல ஆக்சிஜன் இருக்கு. தூக்குங்க" என்றாள் நெல்வா.

அரான்சிபியா தலையை ஆட்டினார். "அது… டூரிஸ்டுக்கு… வெச்சிருக்கறது."

"டாக்டர்" என்றாள் தெல்மா, "நீங்க செத்தாலும் லா பாஸ்காரராத்தான் சாவீங்க. கல்லறையில வேணும்னா அதை வெட்டிடறோம். இப்ப வாங்க." அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு பக்கம் நான். அவளோடு சமமாக அவர் நடந்தது அந்தத் தூரம்தான்.

ஹோட்டல் வரவேற்பறையில், சோபாவில் கோக்கா இலை டீயோடு ஒரு ஜெர்மன் அம்மாள் சாய்ந்திருந்தார். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் பதறவில்லை. உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தாள், மூக்குமூடியைக் கையில் எடுத்தாள், பிறகு எங்கள் சங்கச் சட்டைகளைப் பார்த்து நிறுத்தினாள்.

"உள்ளூர்க்காரங்களா? அவங்களுக்குக் குடுக்கறதில்லையே. அவங்களுக்கு இது தேவையே படாதே. வேற நோயா இருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்." அவரிடமே குனிந்து கேட்டாள்: "சார், நீங்க எந்த ஊர்?"

அவர் தெல்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குமூடியைப் பார்த்தார்.

"சான்டா க்ரூஸ்."

"அதானே. பேச்சுலயே தெரியுது" என்று அவள் மாட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. ஜெர்மன் அம்மாள் தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ஆறுதல் சொன்னார்: தானும் வியாழக்கிழமைதான் வந்தாராம், நாலு நாள் அசையாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம், அதனால் அசையவில்லையாம். எந்த விமானம் என்று கேட்டேன். இருவரும் ஒரே விமானம்.

நெல்வா விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். இதயத்தில் பழுதில்லை, உயரம்தான், ஓடவே கூடாது என்று சொல்லியனுப்பினார் நிஜ டாக்டர் ஒருவர். வெளியே வரும்போது அரான்சிபியா தெல்மாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கடைசி ஓட்டம் நீயே ஓடு. ஆனா அந்த ஹோட்டல் விஷயம், சங்கத்துல சொல்லிடாதே."

"எதை டாக்டர்? சான்டா க்ரூஸ்காரர் ஒருத்தர் இங்கே வந்து மூச்சு முட்டி விழுந்ததையா? அது இங்கே நடக்கற ஒவ்வொரு போட்டியிலும் உள்ளதுதானே. யார் கேப்பாங்க?"

அடுத்த சனிக்கிழமை வந்து கடிகாரத்தைத் திருப்பிக் கேட்டார். கட்டிக்கொண்டு மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று நடந்தார். முடித்ததும் அதைப் பார்த்தார். இந்த முறை தட்டவில்லை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சல்தேன்யா எடுத்துக்கொண்டார். எதிரே தெல்மா ஐந்தாவது சுற்றில் இருந்தாள்.

"ஹோட்டல் பக்கம் போயிருந்தேன்" என்றார். "ஒரு நன்றி சொல்லலாம்னு."

"அந்த ஜெர்மன் அம்மா எப்படி இருக்காங்க?"

"இல்ல" என்றார், சாறு சட்டையில் ஒழுகாமல் கடித்தபடி. "மலை ஏறப் போயிட்டாங்களாம்."