மாமாவின் கறுப்பு முடி

இறந்துகிடந்த மாமனாரின் தாடையைத் துணியால் கட்டி, முடிச்சை அவள் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் பக்கத்தில் குனிந்தாள்.

"வண்டுக்கு நாளன்னைக்கு முதல் டிரிப் ஏத்துறாங்க. அவன் வாய் திறந்து தாத்தான்னு கூப்பிடணும்னு அப்பா தவிச்சாரே. மறுக்காத."

ஓயாமல் ரீங்கரிக்கும் பேரனுக்கு வண்டு என்று பெயர் வைத்தவரே மாமனார்தான். அவளுடைய மகன், ஆட்டிசம் உள்ள பிள்ளை. மருந்து ஏற்றி உடம்பிலிருக்கும் ஈயத்தை வெளியே இழுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நாத்தனார் பார்த்துவைத்த ஒரு கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். முடிப் பரிசோதனையில் ஈயம் எக்கச்சக்கமாம். அவள் கணவன்கூட அரை மனதாய்த் தலையாட்டியிருந்தான்.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்குக் குரல் உயரவில்லை.

"அண்ணி, அந்த மருந்து கொக்கி மாதிரி. ஈயம் நிஜமாவே ஏறினவங்களுக்குத்தான் அது. இவன் உடம்புல போய் எதைப் பிடிக்கும்? கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துட்டா இதயமே நின்னுடும். ஆட்டிசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவன் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்துட்டேன். ஈயம் இல்ல."

"அப்ப முடியில எப்படிடி வந்துச்சு? பறந்தா வரும்?"

அதுதான் அவளுக்கும் பிடிபடாதிருந்தது. எதிரே கருகருவென்று கிடந்த மாமனாரின் தலையைப் பார்த்தாள். நெற்றியோரம் முடியின் வேர்கள் வெளுத்திருந்தன.

"டெஸ்டுக்கு வண்டு முடியை வெட்டியா எடுத்தீங்க?"

"கத்தரிக்கோலைக் கண்டா ஊரையே கூட்டுவானே! நீலச் சீப்புல சிக்கியிருந்ததை எடுத்தேன்."

"அண்ணி, அது மாமா சீப்பு. அவர் சீவினாத்தான் வண்டு தலையைக் குடுப்பான்."

"இருக்கட்டுமே?"

"மாமா பூசுற தைலத்துல ஈய உப்பு இருக்கு. அதுதான் முடியை மெல்லக் கறுக்க வைக்குது. சீப்புல ஒட்டியிருந்த அந்த ஈயம்தான் டெஸ்டுல வந்திருக்கு. புட்டியிலயே போட்டிருக்கு, வேண்டாம்னா கேட்டாதானே."

"எங்கப்பா சாயம் பூசுவாரா?"

"பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு. தலையணை உறை துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

நாத்தனாருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியில் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"நாளன்னைக்கு வரல. வீட்டுல சாவு." மறுமுனை ஏதோ கேட்டது. அப்பாவின் தலையையே பார்த்தபடி நின்றாள். "இல்ல. அடுத்த வாரமும் வேண்டாம். இனிமே வேண்டாம்."

பின்வாசலில், காலையில் மாமனார் தன் கையால் அலசிப் போட்ட சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே வண்டு உட்கார்ந்து, விழும் ஒவ்வொரு சொட்டையும் உள்ளங்கையில் வாங்கி ரீங்கரித்தான். நாத்தனார் அவனைத் தொடாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையின் இன்னொரு கை முனைக்கு நேராகத் தன் கையையும் நீட்டினாள்.