லெபெரெக்ட் ஷ்டோல் பிறந்ததாகச் சொல்லப்படும் வீடு

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நகர்மன்றம் கேட்ட ஒன்றரைப் பக்கக் கட்டுரை இது. லிண்டெல்ஸ்பாக் நகரத்துக்கு எழுநூற்றைம்பது வயதாகிறது, விழா மலர் போடுகிறார்கள். அதில் 'நம் ஊரின் புகழ்பெற்றவர்கள்' என்ற பகுதியை எழுதும் வேலை, நூலகத்தில் வாரம் மூன்று நாள் உட்காரும் என் தலையில் விழுந்தது. நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது.

"பழைய மலர்ல இருக்கிறத அப்படியே எடுத்துப் போட்டுடுங்க" என்றார் மேயர் பெர்ன்ட் ஹால்ஃபெல்ட். "அதுக்கப்புறம் யாரும் புகழ் அடையல. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பழைய மலரில் இரண்டு தலைப்புகள். ஒன்று, 'இவ்வூரில் பிறந்தவர்கள்'. மற்றது, 'இவ்வூருடன் தொடர்புடையவர்கள்'. இரண்டாவதில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். வண்டிச் சக்கரம் உடைந்ததால் ஒரு நாள் தங்கி, மூட்டைப்பூச்சியைத் திட்டிக் கடிதம் எழுதிய சீமாட்டி இருக்கிறாள். சைக்கிள் பந்தயத்தில் நான்காவதாக வந்தவர் இருக்கிறார். அவருடைய மாமியார் வீடு இங்கேதான். முதல் தலைப்பு அவ்வளவு தாராளம் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியை மூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இருபது கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில் பிறக்கிறார்கள். இனி இந்த ஊரில் ஒரு மேதை பிறக்க வழியே இல்லை. கைவசம் இருக்கும் ஒருவரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

அவர் டாக்டர் லெபெரெக்ட் ஷ்டோல், 1788–1851. பாசி ஆராய்ச்சியாளர். பதினான்கு பாசிகளுக்கு அவர் பெயர்.*

*குளத்துப் பாசி அல்ல. சுவரிலும் கூரையிலும் பச்சையாகப் படர்வது. எங்கள் ஊரைப் பற்றி ஷ்டோல் மொத்தமாக எழுதியது இரண்டே வார்த்தை: "ஈரமான ஊர்."

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்...' நடந்தது ஜூலையில். ஜெர்மனி என்றால் பனி இருக்கும் என்று நம்பும் உங்களுக்காக எழுதினேன். மனசாட்சி உறுத்தியது, அடித்துவிட்டேன்.

'உயரமும் கம்பீரமுமான ஹெர்த்தா டீல்மன்...' இல்லை. குட்டை. இடுப்பில் எப்போதும் நீல ஏப்ரன். கம்பீரம் மட்டும் உண்மை.

'ஒரு வீடு. அதில் ஒரு தொட்டில். தொட்டிலில்...' உருளைக்கிழங்கு. இதை விட்டுவிட மனம் வரவில்லை. ஷ்டோல் பிறந்த அறையில் வைத்திருக்கும் தொட்டிலில், ஆள் பார்க்க வராத நாட்களில், ஹெர்த்தா உருளைக்கிழங்கு போட்டு வைப்பாள். வருடத்துக்குப் பதினொரு பேர் வருவார்கள். மற்ற நாளெல்லாம் கிழங்குதான்.

ஹெர்த்தாவுக்கு எண்பத்தொன்று. தபால் நிலையத்தில் இருந்தாள், அதை மூடும்வரை. முப்பத்துநான்கு வருடமாக நகர்மன்றத்துக்குச் சொந்தமான அந்த வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள். கேட்டு வருபவர்களுக்குக் கீழறையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. (இங்கே பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட அவர்கள் அனுமதி கொடுக்க வேண்டும். எனக்கு ஹெர்த்தா பதினோராவது வருடம் கொடுத்தாள்.)

வீட்டுச் சுவரில் பித்தளைப் பலகை இருக்கிறது. அந்தப் பலகைதான் வீட்டைத் தாங்குகிறது என்றால் மிகையில்லை. பக்கத்து அங்காடிக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். வீட்டை இடிக்கலாமா என்று செப்டம்பரில் வாக்கெடுப்பு. "பிறந்த வீடாச்சேன்னுதான் விட்டு வச்சிருக்கோம்" என்று மேயரே என்னிடம் சொன்னார். வீடு போனால் ஹெர்த்தா மாவட்டத் தலைநகரின் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். அவள் கணவர் கடைசி எட்டு மாதம் இருந்த இடம் அது. அந்தத் தெரு வழியாகக்கூட அவள் பஸ்ஸில் போவதில்லை.

3

பழையதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறு என்னை விடவில்லை. பிறந்த தேதியைச் சரிபார்க்க, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்.

பதிவு இருந்தது. ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், இரண்டு வரி: 'மார்டெல்ரோட் ஆலையிலிருந்து ஓடை தாண்டி எடுத்து வரப்பட்ட குழந்தை. வயது மூன்று நாள். விருந்து தாய்மாமன் வீட்டில்.'

மார்டெல்ரோட் ஓடைக்கு அந்தக் கரை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டன்டுகள், லுத்தரன் சபை. அவர்களுக்குத் திருவிழா, எங்களுக்கு ஒழுக்கம். அந்த ஊர் ஆலையில் ஒரே ஒரு லுத்தரன் குடும்பம் மாவு அரைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பதைவிடப் பிள்ளையைக் குளிரில் கொண்டுபோவது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். 1911-இல் புகழ்பெற்றவர்கள் பட்டியலைத் தயாரித்த எங்கள் பள்ளி ஆசிரியர், நம் கோயில் பதிவேட்டில் இருப்பவன் நம் ஊரில்தானே பிறந்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் ஊர்க்காரர் எவரும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பார். அந்தக் கரையில் லுத்தரன் ஒருவன் பிறக்கக்கூடும் என்று இன்றைக்கும் இங்கே யாருக்கும் தோன்றாது.

ஆக, ஹெர்த்தா இருக்கும் அந்தத் தாய்மாமன் வீடு ஷ்டோல் பிறந்த வீடு அல்ல. ஷ்டோல் பிறந்ததற்குச் சாப்பாடு போட்ட வீடு.

4

[இந்த இடத்தில் ஒரு வில்லன் வந்தால் எனக்கு வசதி. ஷ்டோலை உரிமை கொண்டாடத் துடிக்கும் மார்டெல்ரோட்காரர் ஒருவர். தேடிப் போனேன். கிடைத்தவர் இவர்.]

ஆலையில் இப்போது டிராக்டர் பழுது பார்க்கும் வெண்டலின் கோப், வண்டிக்கடியில் இருந்தபடியே பேசினார்.

"அந்தப் பாசிக்காரனா? இங்கதான் பொறந்தான். எங்க தாத்தா காலத்துலேயே தெரியும்."

"அப்புறம் ஏங்க யாரும் சொல்லல?"

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா என்னாகும்? பலகை அடிப்பாங்க. அடுத்த வாரம் புராதனச் சின்னம்பாங்க. நான் ஒரு ஜன்னல் மாத்தணும்னா எட்டு ஆபீஸ் ஏறி எறங்கணும். மரச்சட்டம்தான் போடணும், பச்சைதான் அடிக்கணும்பான். என் மச்சான் வீட்ட அப்படித்தான் பண்ணிட்டாங்க. ஏழு வருசமா கக்கூஸுக்கு ஜன்னல் இல்லாம உக்காந்திருக்கான்."

"ஆனா உண்மைன்னு ஒண்ணு..."

"அதோட, அந்த ஆளு எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கான் தெரியுமா? மெழுகுவத்திப் புகையில மூளை கருகிப்போன கூட்டமாம். எங்களுக்கு எதுக்கு அவன்? உங்க ஊர்ல பாவம் ஒருத்தனும் பெரிய ஆளா பொறக்கல. நீங்களே வச்சுக்குங்க."

வில்லன் கைவிட்டுவிட்டார். உரிமைக்காரரே வேண்டாம் என்கிறார், என் ஊருக்கு வேண்டும், ஹெர்த்தாவுக்கு வீடு வேண்டும். வாயை மூடிக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணங்கள் யாருக்கும் கிடைத்திருக்காது. நிம்மதியாக ஓடையைத் தாண்டி வந்தேன்.

5

பிறகு ஏன் ஹெர்த்தாவிடம் சொன்னேன்?

இங்கே என் மேலேயே எனக்குச் சந்தேகம். முதல் வரைவில், 'அவளுக்குத் தெரிய உரிமை இருக்கிறது என்பதால் சொன்னேன்' என்று எழுதியிருந்தேன். அழகான வாக்கியம். பொய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுவாள், நான் பெருந்தன்மையாகத் தலையாட்டலாம் என்று ஆசைப்பட்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ப்ளம் பழக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நகரவில்லை.

"அப்ப நான் முப்பத்துநாலு வருசமா பொய் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதே ஹெர்த்தா. தெரியாம சொன்னது பொய்யா?"

"நேத்து வரைக்கும் இல்ல. இப்பத்தான் நீ சொல்லிட்டியே." ஒரு துண்டை என் தட்டில் வைத்தாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு, இந்த எடத்துலதான் பொறந்தார்னு கையக் காட்டியிருக்கேன். நீ மலர்ல எழுது."

"எழுதினா வீடு போயிடும்."

"போயிடும்னு தெரியுது. எனக்கென்ன புத்தியா பெசகிப்போச்சு?"

"அந்த இல்லத்துக்குப் போகணும் ஹெர்த்தா."

அவள் ஏப்ரன் நுனியை மடித்து மடித்து விரித்தாள்.

"அங்க காபி தண்ணி மாதிரி இருக்கும்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். பயமாத்தான் இருக்கு. அதுக்காக ஒரு பலகைக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டு சாகச் சொல்றியா? எழுது பிள்ள. கேக்கைச் சாப்பிடு, ஆறப்போட்டுடாத."

(கேக் ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. சொல்லவில்லை.)

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: உண்மையை எழுதுகிறேன். வீடு போகிறது. ஷ்டோல் 'தொடர்புடையவர்கள்' தலைப்பில், மூட்டைப்பூச்சிச் சீமாட்டிக்கும் நான்காவது சைக்கிள்காரருக்கும் நடுவில் போய் உட்காருகிறார். 'பிறந்தவர்கள்' தலைப்பின் கீழ் வெற்றுத் தாள். நேர்மையான முடிவு. இதை எழுதிய கையோடு நான் ஹெர்த்தாவின் பெட்டிகளைக் கட்ட உதவ வேண்டும்.

இரண்டாவது: பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடுவது. யார் படிக்கப்போகிறார்கள்? எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேர். அவர்கள் அடிக்குறிப்பு மட்டும்தான் படிப்பார்கள்.

மூன்றாவது: நகர்மன்றம் மனம் இளகி, பலகை இல்லாமலே வீட்டை விட்டுவைக்கிறது. இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். வண்டி நிறுத்தும் விஷயத்தில் மனம் இளகிய நகர்மன்றம் எதையும் நான் இங்கே கண்டதில்லை.

நான் செய்தது இவற்றில் எதுவும் இல்லை. மலருக்குப் பழையதையே அனுப்பினேன்: 'இவ்வூரில் பிறந்தவர், லெபெரெக்ட் ஷ்டோல்.' பிறகு உறுத்தல் தாங்காமல், நடந்ததெல்லாம் அப்படியே, நீங்கள் இப்போது படிக்கும் இந்தத் தாள்களில் எழுதினேன். தமிழில். லிண்டெல்ஸ்பாக்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் ஹெர்த்தா கேட்டாள். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்" என்றேன்.

7

இன்று வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. அச்சகத்தில் திருத்தம் வாங்குவது பன்னிரண்டு மணிவரை. மேஜையில் இரண்டு கட்டு. ஒன்று மலரின் அச்சுப்படி, மற்றது இது.

அழைப்பு மணி அடித்தது. ஹெர்த்தா. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று வந்த இரண்டு பேரிடம் "இங்க பொறக்கல, ஆலையில பொறந்தார், இங்க விருந்து சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டாளாம். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று சிரிக்கிறாள். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "இல்லத்துக்கு மனு வாங்கிட்டு வந்துட்டேன்" என்கிறாள். அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்திருக்கிறாள்.

"கண்ணாடி கொண்டு வரல. நீயே வாசிச்சுக் காட்டு. நீ எப்படி எழுதியிருக்கன்னு கேக்கணும்."

அச்சுப்படியை வாசித்தால் அவள் எழுந்து போய்விடுவாள், அப்புறம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட என்னை விட மாட்டாள். இந்தத் தாள்களை எடுத்து, இதுதான் மலர் என்று மொழிபெயர்த்து வாசித்தால், செப்டம்பர்வரை அவள் என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டிருப்பாள். தொலைபேசி என் இடது கைப்பக்கம் இருக்கிறது. அச்சகத்தில் இன்னும் ஆள் இருப்பார்கள்.

இத்தனையும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சீக்கிரம் சொல்லுங்கள், எதை எடுக்கட்டும்? அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.