பூட்டிய காரில் கரண்ட் போன வழி

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் ரிசார்ட் வாசலில் பையும் பைனாகுலருமாக நின்றுகொண்டிருந்தபோது, சுதாகரின் கார் குப்பத்துத் தெருவில் அசையாமல் கிடந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வேறு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் சுதாகர். கடலுக்குப் போவதை விட்டு நாலு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறான். சனி, ஞாயிறுகளில் பொத்தேரியிலிருந்து காலேஜ் பசங்கள் வருவார்கள். அவர்களுக்காகவே டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் அதை அதிர வைக்க ஒரு ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தான். அது கரண்டை நிறைய இழுக்கும் என்று தெரிந்துதான் கூடவே பேட்டரியையும் புதிதாகப் போட்டான். புது பேட்டரி, நிறுத்தி வைத்த வண்டியில் எப்படி வற்றும்?

கடைக்காரர் பழையதைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தான். போய்ச் சத்தம் போட்டான். அவர் சார்ஜ் ஏற்றிச் சோதித்துக் காட்டினார். "பேட்டரி நல்லாத்தான் கீது. வண்டிலதான் எங்கியோ கரண்டு போவுது" என்றார்.

'எங்கியோ போவுது' என்று அவர் சொன்னது சுதாகரின் காதில் 'எவனோ எடுக்கறான்' என்று விழுந்தது.

எவன் என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கார் நிற்பது நீலமேகத்தின் வலைக் கொட்டகை ஓரம். நீலமேகம் சுதாகரின் மனைவி ரஞ்சிதாவுக்குச் சித்தப்பா மகன், சுதாகருக்கு மச்சான். படகு விளக்குக்கான பேட்டரியை அந்தக் கொட்டகையில்தான் வைத்திருப்பான். போன மாதம் அவனுடைய சார்ஜர் புகைந்து போனது. "மச்சான், உன் கார்லேர்ந்து ஒரு ஒயர் இஸ்துக்கட்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அன்றைக்கு சுதாகரும் சிரித்தான். காரின் பானெட் பூட்டு ஒரு வருஷமாகச் சரியில்லை. வெளியிலிருந்தே தூக்கிவிடலாம். அதுவும் நீலமேகத்துக்குத் தெரியும்.

மறுநாள் காலை கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவில் சுதாகர் கேட்டான்:

"எத்தினி நாளா என் பேட்டரில கரண்ட் திருடறே, மச்சான்?"

நீலமேகம் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். சுதாகரின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான். கொட்டகைக்குப் போய்ப் படகு பேட்டரியைத் தூக்கிவந்து சுதாகரின் காலடியில் வைத்தான்.

"இந்தா. இதுல உன் கரண்ட் எவ்ளோ கீதோ எட்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே கொட்டகையில் பூட்டு தொங்கியது. இதுவரை அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததே இல்லை. குற்றம் செய்தவன்தான் பூட்டுப் போடுவான் என்று சுதாகர் நினைத்துக்கொண்டான். ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டி பானெட் இடுக்கில் செருகினான். யாராவது தூக்கினால் விழுந்துவிடும்.

காலையில் நரம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

அப்படியானால் பானெட்டைத் திறக்காமல், கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து யாரோ கரண்டைச் செலவழிக்கிறார்கள். அதற்குச் சாவி வேண்டும். இன்னொரு சாவி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ரஞ்சிதா விடியும் முன்பே எழுந்து கரைக்குப் போய் மீன் எடுத்துக் கடைத்தெருவில் விற்கிறவள். அவன் எழும்போது அவள் வீட்டில் இருக்க மாட்டாள். இத்தனை வருஷமாக அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தான். அவள் போன் எப்போது பார்த்தாலும் நிறைய சார்ஜோடு இருப்பது கண்ணில் பட்டது. காருக்குள் உட்கார்ந்து பேசுகிறாளோ? யாரிடம்?

அன்று மத்தியானம் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தான். மீன்கடை விஜயகுமாரி, ஐஸ் கம்பெனி, அவளுடைய அம்மா. மறுபடியும் விஜயகுமாரி.

"இன்னாய்யா தேடற?"

ஈரத் தலையோடு ரஞ்சிதா கதவருகே நின்றிருந்தாள். அவன் மறைக்கவில்லை.

"கார்ல போய் குந்திகினு பேசறியா?"

"கரண்ட் இல்லாதப்ப ஒரு வாட்டி போய் போனுக்கு சார்ஜ் போட்டேன். அவ்ளோதான்."

"ஒரு வாட்டிதானா?"

அந்தக் கேள்விக்குள் இருந்த சந்தேகம் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"கெளம்பு. செங்கல்பட்டுல அன்பரசின்னு ஒர்த்தி கீறா, எங்கூடப் படிச்சவ. வண்டிங்களுக்கு ஒயரிங் வேலை பாக்கறா. எவன் எடுக்கறான், எவ எடுக்கறான்னு அவ சொல்லட்டும்."

வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

செங்கல்பட்டில் அன்பரசி பேட்டரியை முதலில் சார்ஜில் போட்டாள். பிறகு காரைப் பூட்டச் சொல்லி, சாவியைச் சுதாகர் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டாள்.

"வண்டி பூட்டிக் கீது. சாவி உங்க கையில கீது. அப்பவும் ரெண்டரை ஆம்பியர் போய்கினே கீது, பாருங்க."

பானெட்டுக்குள் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எண் அசையவில்லை. கடைசியாக, பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஓடும் தடித்த சிவப்பு ஒயரின் ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. அதைத் திரும்பச் செருகிவிட்டு, சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தாள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், ஆம்ப்ளிஃபயரின் குட்டி விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"முன்னாடி கீற பாட்டு செட்டு ஆஃப் ஆனா இதுவும் ஆஃப் ஆவணும். ஆவல. ராப்பகலா முழிச்சிகினு கரண்ட்ட குடிக்குது" என்றாள். பிறகு முன் சீட்டில் உட்கார்ந்து செட்டை வெளியே உருவினாள். மூன்று ஒயர்களை ஒன்றாக முறுக்கி யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். "சாவி போட்டாதான் கரண்ட் வர்ற ஒயரையும், ஆம்ப்ப எழுப்பற ஒயரையும் நேரா பேட்டரி லைன்ல சேத்துகீறாங்க. யாரு பண்ண வேலை இது?"

சுதாகர் அந்தக் கறுப்பு டேப்பையே பார்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன் கடற்கரையில் பசங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டு அவன் டீ குடிக்கப் போனால் பாட்டு நின்றுவிடும். "அண்ணா, சாவிய குடுத்துட்டுப் போங்களேன்" என்றார்கள். கொடுக்க மனம் வரவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? மறுநாள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, சாவி இல்லாமலே செட் பாடுகிற மாதிரி அவனே ஒயரைச் சேர்த்தான். சாவி சட்டைப் பையில், பாட்டும் ஓடும். அன்று தன் மூளையை நினைத்து அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"செட்டு மாட்டினவன்தான்..." என்று ஆரம்பித்தான்.

"அது நம்ம வூட்டு டேப்பு" என்றாள் ரஞ்சிதா. "நீ கேட்டே, நாந்தான் எட்த்துக் குட்த்தேன்."

அன்பரசி இருவரையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒயர்களைப் பிரித்து அதனதன் இடத்தில் மாட்டினாள். காரைப் பூட்டி மறுபடி அளந்து காட்டினாள். "இத்தினி வாட்டி அடியோட காலியானா புது பேட்டரி கூட சீக்கிரம் போய்டும். பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் சுதாகர் நீலமேகத்தின் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னான். நீலமேகம் முழுவதும் கேட்டான்.

"அத்த இங்க வந்து ஏன் சொல்றே? அங்க சொன்னத அங்க வந்து சொல்லு."

மறுநாள் ஏலத்தில், அதே ஆட்கள் முன்னால் சுதாகர் சொன்னான். ஒயரை முறுக்கியது தான்தான் என்பதையும் சொன்னான். யாரோ சிரித்தார்கள். நீலமேகம் சிரிக்கவில்லை. "அந்தக் கூடைய இப்டி புடி" என்றான். சுதாகர் ஓடிப்போய்ப் பிடித்தான்.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மூன்று நாள் ரஞ்சிதா சோறு போட்டாள், பேசவில்லை. நாலாம் நாள் அவனும் விடியும் முன்பே எழுந்து அவளோடு கரைக்குப் போனான். மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டே அவள் நிமிராமல் கேட்டாள்:

"யாருன்னு நெனச்சே?"

"இன்னாது?"

"கார்ல குந்திகினு நான் யாரோட பேசறன்னு நெனச்சே?"

"யாருன்னுலாம் நெனைக்கல. யாரோன்னு..."

"ஒரு ஆளு பேருகூடத் தோணல. ஆனா சந்தேகம் மட்டும் வந்துட்ச்சி."

தன் புத்தி கெட்டுப்போனது என்றான். தப்பு என்றான். அவள் கூடையை மூடிக் கட்டினாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் டிக்கியில் வைத்து, முன்கதவைத் திறந்து பிடித்தான். இப்போதெல்லாம் கார் முதல் திருப்பிலேயே கிளம்புகிறது.

ரஞ்சிதா டிக்கியிலிருந்து கூடையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஷேர் ஆட்டோ வரும்" என்றாள். பத்தடி நடந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மத்தியானம் வெயிலா இருக்கும். கூப்டா வா."

அவன் அன்று எந்தச் சவாரியும் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தான்.