வெள்ளை ஹெல்மெட்

கோழி ஆலையில் சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் லொரெட்டா வீட்டுக்குப் போகவில்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றி வண்டியில் எறிந்துவிட்டு, நேராகப் பழைய படைவீரர் மண்டபத்துக்கு வந்து வரிசையில் நின்றாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையிலிருந்து குளோரின் வாடை போவதில்லை. வரிசையில் நின்ற பாதிப் பேரிடம் அதே வாடைதான் அடித்தது. நாள் முழுக்கத் தொடைக்கறியைத் தட்டில் அடுக்கியதில் விரல்கள் மடங்க மறுத்தன. ஆனாலும் மல்யுத்தத்துக்கு முன்வரிசை நாற்காலி கிடைக்காவிட்டால் அவளுக்கு அடுத்த வாரம் ஓடாது.

எல்லாம் பேசிவைத்து ஆடுவது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாமலில்லை. ஆடுகிறவர்களும் டிவியில் வருகிற பெரிய கம்பெனி ஆட்கள் இல்லை. கூரை வேய்கிறவன், லாரி ஓட்டுகிறவன் என்று எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ஆனால் யார் எப்படி விழப்போகிறார்கள் என்பதை மட்டும் கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிட மாட்டார்கள்.

லொரெட்டாவின் தம்பி டுவைட்தான் வில்லன். அவனும் அதே ஆலையில் உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டுகிறவன். மேடையில் அவனுக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர். வெள்ளை ஹெல்மெட்டும் டையுமாக, விசிலை ஊதிக்கொண்டு வருவான். "கக்கூஸுக்குப் போகணும்னு கேட்டது எவன்? நாளையிலேர்ந்து வராதே," என்பான் மைக்கில். மண்டபமே கொதித்தெழும். வாரம் முழுக்க ஆலையில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவன் அடிவாங்கும்போது லொரெட்டாவுக்கு நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப்போட்ட மாதிரி இருக்கும். தம்பி என்று பார்க்க மாட்டாள். அங்கே அவன் தம்பி இல்லை.

அவனுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. அடி பலமாக விழுந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பான். எதிராளி இரக்கப்பட்டுக் குனிந்தால் கண்ணில் குத்துவான். அதனால் அவன் விழுந்தாலே "நடிப்பு, நடிப்பு" என்று கூட்டம் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

அன்றைக்குக் கூரை வேலைக்காரன் ட்ராய் அவன் வலது கையை முறுக்கித் தூக்கிப்போட்டான். டுவைட் தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். நடுவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்துக் காட்டினார். நிஜமாகவே அடிபட்டால் காட்டுகிற சைகை அது. ஆனால் போன மாதம் அதையே ஒரு வேடிக்கைக்குக் காட்டி ஏமாற்றியிருந்தார்கள். இப்போது எவன் நம்புவான்? கூட்டம் கைதட்டிச் சிரித்தது. டுவைட் முன்வரிசையைப் பார்த்தான். லொரெட்டா நாற்காலிமேல் ஏறி நின்று, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். அவன் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்து, இன்றைக்குப் பயல் அருமையாகச் செய்கிறான் என்றுகூட நினைத்தாள்.

டுவைட்டை ட்ராயின் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தோள் பிய்ந்தது மண்டபத்தில் இல்லை. முந்தின நாளே கொக்கி வரிசையில் ரத்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறான். ஆலையின் நிஜ சூப்பர்வைசர் ஹாலோவே பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மாதம் முழுக்க விபத்து இல்லையென்றால் ஷிப்டுக்கே திங்கட்கிழமை பீட்சா உண்டு. எல்லோர் வாயிலும் மண்ணைப் போடப்போகிறாயா என்று கேட்டு, ஒரு ஐஸ் பையைக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் லொரெட்டா.

"சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா? ட்ராய்கிட்ட சொல்லியிருந்தா ஆட விட்டிருக்க மாட்டான்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கும் அந்த ரெண்டு மணி நேரம்தான்க்கா இருக்கு."

ட்ராய் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

தோளை அறுத்துத் தைத்தாலும் இனி அந்தக் கை தலைக்குமேல் எழும்பாது என்றார் டாக்டர். ஆலையில் பட்ட அடி என்று நிர்வாகம் ஒத்துக்கொண்டால் செலவும் சம்பளமும் ஆலையின் பொறுப்பு. இல்லாவிட்டால் அவன் பாடு.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் பீட்சா வாசனை அடித்தது. வெள்ளிக்கிழமை கொக்கி வரிசையில் டுவைட் விழுந்ததைப் பார்த்த நாலு பேரையும் லொரெட்டா தேடிப்போய்க் கேட்டாள். ஒருவன் தான் அப்போது வெளியே போயிருந்ததாகச் சொன்னான். மற்றவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

கையைக் கழுத்தோடு தூக்குக்கட்டில் போட்டிருந்த தம்பியோடு அவள் ஹாலோவேயின் அறைக்குப் போனாள். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. இருவரையும் உட்காரச் சொன்னார். வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இவன் விழுந்தது வெள்ளிக்கிழமை, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று லொரெட்டா சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை இவர் ஷிப்டு முடிச்சிட்டுத்தான் போனாரு," என்றார். "சனிக்கிழமை நடந்ததை ஊரே பார்த்திருக்கு. யாரோ எடுத்து இணையத்துல போட்டிருக்காங்க."

போனை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் வெள்ளை ஹெல்மெட் உருண்டு ஓட, டுவைட் தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கூட்டத்துச் சத்தத்துக்கு மேலே ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

"எந்திரிடா, உனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தானே இருக்க."

"இது உங்க குரல்தானே, லொரெட்டா?" என்று கேட்டுவிட்டு, ஹாலோவே சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டார்.