நாக்குக்குக் கீழே

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த இரண்டாவது வருடம் அது. கிளேபாங் பக்கமிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சந்திரமதியின் அண்ணன் கணேசமூர்த்தி கணக்கெழுதும் கிராணியாக இருந்தான். நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் மிஷின் ஒன்று அங்கே வந்திருந்தது. அதை அண்ணனே செய்து வைத்தது போலத்தான் தான் குடியிருந்த காஜா பேராங் முழுக்க அவள் பேசித் திரிந்தாள்.

மாமனார் பொன்னுதுரை நெஞ்சுவலியோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய நாளிலும் அந்தப் பேச்சுதான். அங்கிருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை நீட்டி, "பாவா லீடா" என்று விரலை உயர்த்தி இரண்டு தடவை சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் மிஷின் கதையில் மூழ்கியிருந்த சந்திரமதி, "யா, யா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெறும் வயிற்றில் மருந்து ஆகாதே! வலி வந்தபோதெல்லாம் சூடான காப்பியோடு மாத்திரையைக் கொடுத்தாள். மாமனாரும் மடக்கென்று விழுங்கினார். வலி மட்டும் அசையவில்லை.

"கவர்மெண்டு மருந்து வெறும் சுண்ணாம்பு லா மாமா. எங்கண்ணன் ஆஸ்பத்திரியா இருந்தா..."

"அங்க எமனே உங்கண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரணுமோ?" என்றார் அவர், நெஞ்சைத் தடவியபடி.

மறுவாரம் ஒரு காலையில் வலி கூடி அந்தக் கிண்டலும் போய்விட்டது. கணவன் ஜெயபாலன் டாக்சி பிடித்து இருவரையும் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனான். பெரியவரின் கையிலும் காலிலும் பட்டைகளைக் கட்டினார்கள். மிஷின் கிறுக்கிய கோடுகளைப் பார்த்த டாக்டர் நர்ஸிடம் தலையசைத்தார். அவள் ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறந்தாள்.

"பாவா லீடா."

"நாக்குக்குக் கீழ வெச்சுக்குங்க மாமா. முழுங்கிடாதீங்க," என்றான் கணேசமூர்த்தி.

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. சந்திரமதி தன் பையிலிருந்த புட்டியை மெதுவாக எடுத்துப் பார்த்தாள். நர்ஸ் திறந்த புட்டியிலிருந்த அதே பெயர்.

டாக்டரும் பார்த்துவிட்டார். "பெரியாஸ்பத்திரியிலயும் இதையேதான் குடுத்திருக்காங்க. மிஷின் நோயைக் காட்டும், அவ்வளவுதான். வலியை அடக்கறது இந்த மாத்திரை. முழுங்கினா வேலை செய்யாது."

ஜெயபாலன் கோபத்தில் முகம் சிவந்துபோனான். "அந்த மிஸ்ஸி ஒரு வார்த்தை சொல்லலியே! இப்பவே போய்ப் பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன். அவ வேலையில இருக்கக் கூடாது."

கதவு வரை போய்விட்டான். பேசாமல் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் உயர்ந்து நின்ற அந்த விரல் சந்திரமதியின் கண்முன் வந்தது.

"என்னங்க, போகாதீங்க. அவங்க சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நாந்தான் மிஷின் கதை பேசிக்கிட்டுக் காதுல வாங்கல."

ஜெயபாலன் அவளைப் பார்க்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"காப்பி நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார் பொன்னுதுரை, நாக்குக்கடியில் கரைந்துகொண்டிருந்த மாத்திரையின் மிச்சத்தோடு குழறி.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சந்திரமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.